ஊருணிக் கரையில் ஒரு கல்: டூரின் பந்தயமும் செட்டிநாட்டுப் பயணமும்

செட்டிநாட்டுக்கு ரயிலில் எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, வண்டிக்கு என்ன கேட்பார்கள் என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு ரயில் பாதை போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்னால் போனவர்கள் புழுதியையும் மாட்டுவண்டியையும் பற்றித்தான் சொல்வார்கள். நான் இந்தப் பாதையில் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் கோவில் பார்க்கப் போகவில்லை, மாளிகை பார்க்கப் போகவில்லை. முதல் முறை, போன வருஷம் மாசி மாதம், ஒரு நண்பனுடைய அப்பாவிடம் ஒரு உண்மையைச் சொல்லப் போனேன். வழியையும் சொல்கிறேன், நடந்ததையும் சொல்கிறேன். வழி மட்டும் போதும் என்கிறவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

நண்பன் பெயர் கருப்பையா. கோவிலூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் அவனுக்கு. அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவனுடைய அப்பா வெள்ளையன் அம்பலம் ஊரில் பெரிய விவசாயி. கண்மாய்க்குக் கீழே இருந்த நல்ல நஞ்சையை விற்று, மகனைச் சீமைக்கு ரசாயனம் படிக்க அனுப்பினார். லண்டனில் எனக்கும் அவனுக்கும் ஒரே விடுதி. அவன் ஓடுவான். நான் நீளம் தாண்டுவேன். தாண்டுவேன் என்று சொல்லிக்கொள்வேன், அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்களுக்கென்று ஒரு சர்வதேசப் போட்டி உண்டு. பல தேசத்து மாணவர்கள் ஓரிடத்தில் கூடி ஓடுவது, தாண்டுவது, நீந்துவது, வாள் வீசுவது. இரண்டொரு வருஷத்துக்கு ஒரு முறை ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நகரம் அதை ஏற்று நடத்தும். நாங்கள் போன முறை இத்தாலியில் டூரின் நகரம். எங்களை யாரும் அனுப்பவில்லை. லண்டனில் படித்த இந்தியப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து பெயர் கொடுத்தோம், மூன்றாம் வகுப்பு வண்டியில் ஏறினோம். பாரிஸ் வழியாகப் போய், மலையைக் குடைந்த நீளமான சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் இத்தாலி. சுரங்கம் முழுக்கக் கரிப்புகை. அந்த வழியாகப் போகிறவர்கள் ஜன்னலை முன்கூட்டியே மூடிவிடுங்கள்.

டூரின் அழகான ஊர். பெரிய வீதிகளின் இரு பக்கமும் வளைவு வளைவாகத் தூண்கள், மேலே கூரை, கீழே நடைபாதை. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மழையில் நனையாமல் நடக்கலாம். வானம் தெளிந்த நேரத்தில் தெருமுனையில் பனிமலை நிற்கும். ஊர் முழுக்கக் கொடிகள். ஆளும் கட்சியின் கறுப்புச் சட்டை போட்ட பையன்கள் வரிசை வரிசையாக வந்து ஒரே குரலில் பாடினார்கள். பார்க்க அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. விருந்தாளியை அழைத்து உட்காரவைத்து, நம் வீட்டில் எத்தனை அரிவாள் இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி.

கருப்பையாவுக்கு எண்ணூறு மீட்டர். மைதானத்தை இரண்டு சுற்று. முதல் நாள் முதல் சுற்றுப் பந்தயம், எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் முதலில் வருகிற இரண்டு பேருக்குத்தான் இறுதிப் பந்தயம். காலையிலிருந்து தூறல். கரித்தூள் பாதை சேறாகிக் கிடந்தது. கடைசி வளைவில் அவன் இரண்டாவதாக இருந்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். முடிவுக் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஹங்கேரிக்காரன் மார்பை நீட்டினான். ஒரு சாண் வித்தியாசம் இருக்கும். கருப்பையா மூன்றாவது.

படித்து முடித்துக் கப்பலேறி, கொழும்பு, தனுஷ்கோடி வழியாக அவன் காரைக்குடியில் வந்து இறங்கினான். ஸ்டேஷனில் பாதி ஊர் நின்றதாம். அப்பா கேட்டார், "என்னப்பா, எத்தனாவது வந்த?"

"மூணாவது அய்யா" என்றான்.

அதற்கு அடுத்த வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது.

இதை அவன் எனக்குச் சொன்னது திருச்சியில். நான் அங்கே ஒரு கல்லூரியில் வாத்தியார். ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் நிற்கிறான். இளைத்திருந்தான். வேலை எதுவும் கிடைக்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான். கல்யாணம் ஆகிவிட்டதாம். நாட்டரசன்கோட்டைப் பெண். உலகத்தில் மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை என்று பெண் வீட்டார் தேடி வந்து கொடுத்தார்களாம்.

"நான் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். அது மொதச் சுத்துதான், மறு பந்தயத்துக்கே என்னைய எடுக்கலைன்னு. அடக்கம்ங்கிறாரு. எம்மகனுக்குத் தலக்கனம் இல்லைன்னு அதையும் நாலு பேருகிட்டச் சொல்லிக்கிறாரு. இப்பக் கல்லு வெட்டச் சொல்லியிருக்காரு."

"என்ன கல்?"

"ஊருணிக் கரையில நடப்போறாக. உலகத்துல மூணாவதுன்னு எழுதி. கல்லுல வெட்டிட்டா அப்புறம் நான் செத்தாலும் அது நிக்கும்டா. நீ வா. நீ பக்கத்துல நின்னு பாத்தவன். நீ சொன்னா நம்புவாரு."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கல் நடுவதற்கு முந்தின நாளே வருகிறேன் என்றேன்.

திருச்சியில் காலை வண்டியைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி. தூரம் ஐம்பத்தைந்து மைல் சொச்சம். மூன்றாம் வகுப்பு எனக்கு ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. புதுக்கோட்டை தாண்டுகிற வரைக்கும் ஜன்னலில் பார்க்க ஏதாவது இருக்கும். திருமயத்தில் பாறைமேல் கோட்டை தெரியும், வலப் பக்கமா இடப் பக்கமா என்று இப்போது நினைவில்லை, இரண்டு பக்கமும் பாருங்கள். அப்புறம் செம்மண். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கண்மாய்கள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஒரு கண்மாயின் நடுவில் ஆடுகள் நின்றன. எதை மேய்ந்தன என்று தெரியவில்லை.

காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கி, செக்காலை வழியாக ஊருக்குள் ஒரு நடை நடந்தேன். மாளிகைகளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல், அவ்வளவு பெரிய வீடுகள். ஆனால் நான் போன நேரத்தில் பாதி வீடுகளில் பூட்டு. பர்மாவில் வியாபாரம் படுத்துவிட்டது என்றார் சாப்பாட்டுக் கடைக்காரர். போனவர்களால் திரும்பி வரவும் முடியவில்லை, அங்கேயே இருக்கவும் முடியவில்லை என்றார். சாப்பாடு நன்றாக இருந்தது. சாப்பிட என்னைத் தவிர இன்னும் ஒரே ஆள்.

அங்கிருந்து கோவிலூர் மூன்று மைல். அதற்கு அப்பால் இரண்டு மைல். ஒற்றை மாட்டு வண்டிக்காரர் ஒருவர் ஆறணாவுக்கு ஒத்துக்கொண்டார். எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன். மாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"ஓட்டக்காரவுக வீட்டுக்கா? நாளைக்கி அங்குட்டுத் திருவிழால்ல. நீங்க எங்கிட்டிருந்து வாரீக?"

"திருச்சியிலிருந்து. அவரோடு படித்தவன்."

"அப்பச் சீமையில பாத்திருப்பீகளே! உலகத்துலயே மூணாவது. அதுவும் மொத ரெண்டு பேரு வெள்ளக்காரன், அவன் ஊர்ல அவனுக்குத்தான குடுப்பான்? நெசத்துல இவுகதான் மொத. மூணாவதுன்னு எழுதிக்கிட்டாக."

 கோவிலூர் மடமும் கோபுரமும் வெயிலில் சலனமில்லாமல் நின்றன. வண்டிக்காரர் மாட்டிடம் பேச ஆரம்பித்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இது ஒரு மனிதரிடம் சொல்லித் திருத்துகிற சங்கதி அல்ல.

வெள்ளையன் அம்பலம் உயரமான மனிதர். அறுபது வயது இருக்கும். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். கருப்பையாவின் மனைவி கண்ணாத்தாள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். இருபது வயதுகூட இராது. கல், சாக்குப் போர்த்தி முற்றத்தில் கிடந்தது. பெரியவர் சாக்கை விலக்கிக் காட்டினார். எழுத்து சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் எழுதிக் கொடுத்த வாசகம்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் சொல்ல ஆரம்பித்தேன். எங்கே, எத்தனை பேர், எப்படி இரண்டு பேரை மட்டும் எடுத்தார்கள், இறுதிப் பந்தயம் எப்போது நடந்தது, யார் யார் ஓடினார்கள். எதையும் விடவில்லை. வகுப்பில் மக்குப் பையனுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னேன். பெரியவர் குறுக்கே பேசவில்லை. கருப்பையா தூணில் சாய்ந்து நின்றிருந்தான். கண்ணாத்தாள் கொல்லையில் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது.

நான் முடித்ததும் பெரியவர் கேட்டார்.

"தம்பி, நீங்களும் அங்க பந்தயத்துல கலந்துக்கிட்டீகளா?"

"ஆமாம். நீளம் தாண்டுவது."

"நீங்க எத்தனாவது வந்தீக?"

"பதினோராவது."

"அதான்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பப் பரிவாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. தோற்ற பிள்ளைக்கு மனசு ஆறாது, நாலு வார்த்தை பேசத்தான் செய்யும் என்கிற பரிவு.

"அய்யா, அவன் சொல்றது அம்புட்டும் நெசம்" என்றான் கருப்பையா. 

"நீ கூட்டாளிய விட்டுக்குடுக்க மாட்டப்பா. அது உன் கொணம்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தம்பி, நான் நெலத்த வித்தப்ப ஊரே சிரிச்சுச்சு. மண்ண வித்து மகனை ஓட விடுறான்னு. நாளைக்கி அவுக அம்புட்டுப் பேரும் வாராக. நீங்க எழுந்திருச்சு, கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க. கூட வேணாம், கொறைய வேணாம்."

கருப்பையாவின் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. ஆனால் எனக்குள் ஒரு நம்பிக்கை முளைத்தது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லச் சொல்கிறார். சரி, அதையே சொல்வோம். ஊரே கேட்கட்டும்.

மறுநாள் காலை ஊருணிக் கரையில் பந்தல். ஊருணியில் தண்ணீர் கீழே, வெகு கீழே, பச்சையாகக் கிடந்தது. குளிக்கத் தடை, குடிக்க மட்டும். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கண்ணாத்தாளின் அப்பாவும் அம்மாவும் நாட்டரசன்கோட்டையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். மேளக்காரர்கள் எனக்கு இடப்புறம். கருப்பையாவுக்குப் பட்டு வேட்டி, கழுத்தில் சம்பங்கி மாலை. வெயிலில் அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் பாதங்களையே பார்த்தபடி நின்றான்.

என்னைப் பேச அழைத்தார்கள். நான் டூரினிலிருந்து ஆரம்பித்தேன். தூண் வைத்த வீதிகள், கொடிகள், மழை. சனங்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். "இவனோடு ஓடியவர்கள் எட்டுப் பேர்" என்றேன். "அது முதல் சுற்று. அந்த எட்டுப் பேரில் முதல் இரண்டு பேரை மட்டும்தான் அடுத்த பந்தயத்துக்கு எடுப்பார்கள். அந்த அடுத்த பந்தயம்தான் உலகப் பந்தயம்." முன்வரிசையில் தலையை ஆட்டினார்கள். "அந்த முதல் சுற்றில் நம் கருப்பையா, ஒரு சாண் வித்தியாசத்தில், மூன்றாவதாக..."

மேளம் இடித்தது.

அப்புறம்தான் தெரிந்தது. விருந்தாளி வாயிலிருந்து மூன்றாவது என்ற வார்த்தை வந்ததும் அடிக்க வேண்டும் என்று பெரியவர் மேளக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து அடித்தார்கள். வேட்டு போட்டார்கள். ஊருணிக் கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. "அதனால் இறுதிப் பந்தயத்தில் இவன் ஓடவில்லை" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெரியவர் கண்ணீர் வழிய என்னைக் கட்டிக்கொண்டார். "சொன்னீகளே, எம் மக்களுக்கு முன்னால சொன்னீகளே!"

அவர் தோளுக்கு மேலாகக் கருப்பையாவைப் பார்த்தேன். யாரோ அவனைத் தூக்கித் தோளில் வைத்திருந்தார்கள். தூக்கு மேடையில் ஏற்றப்பட்டவன் மாதிரி கைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கல்லைக் குழியில் இறக்கி, சுற்றிலும் மண்ணை இடித்துக் கெட்டித்தார்கள்.

பந்தி முடிந்து, ஆண்கள் எல்லோரும் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்கக் கண்மாய்ப் பக்கம் போய்விட்டார்கள். கருப்பையாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைவலி. கூடத்தில் படுத்திருந்தேன். கண்ணாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நிலைப்படியில் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளம்மா."

"மேளம் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீக. ரெண்டு பேரைத்தான் எடுப்பாகன்னு."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"இவுக மூணாவது. ரெண்டு பேரைத்தான் எடுப்பாக. அப்ப இவுகளை எடுக்கலதான?"

"எடுக்கவில்லை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள். அந்தக் கூட்டம் முழுவதிலும் நான் சொன்னதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஏமாந்துவிட்டோமே என்று அழுவாள் என்று நினைத்தேன். தன் அப்பாவிடம் போய்ச் சொல்லுவாளோ என்றும் பயந்தேன்.

"தூக்கத்துல காலை ஒதறுவாக" என்றாள். "கட்டில் ஆடும். காத்துக் கறுப்பு அண்டியிருக்கும்னு பக்கத்து வீட்டு அப்பத்தா வேப்பிலை அடிக்கச் சொன்னாக. கோவிலூருக்குக் கூட்டிட்டுப் போயித் துன்னூறு வாங்கிப் போட்டோம். என்னத்தன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாக." நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அந்த மறு பந்தயத்தன்னைக்கு இவுக எங்க இருந்தாக?"

கப்பலிலிருந்து இறங்கியதிலிருந்து எத்தனையோ பேர் அவனிடம் எத்தனையோ கேட்டிருப்பார்கள். இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என் பக்கத்தில்தான் அம்மா. பார்க்கிறவர்களோடு உட்கார்ந்திருந்தோம். மழை. ஒரே கம்பளியை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டிருந்தோம்."

"அழுதாகளா?"

"இல்லை. பந்தயம் முடிந்ததும் கை தட்டினான். எல்லோரும் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்."

அவள் வெளியே முற்றத்தைப் பார்த்தாள். கல் கிடந்த இடத்தில் சாக்கு மட்டும் சுருண்டு கிடந்தது.

"அம்புட்டுத் தூரம் கடலத் தாண்டிப் போயி" என்றாள், "அடுத்தவகளுக்குக் கை தட்டிட்டு வந்திருக்காக."

மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

மறுநாள் கருப்பையா என்னை ஸ்டேஷனில் விட வந்தான்.  வண்டி வர நேரமிருந்தது. பிளாட்பாரத்துக் கோடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"கண்ணாத்தா கேட்டா" என்றான். "எல்லாத்தையும் சொன்னேன். அந்த ஹங்கேரிக்காரன் சட்டை என்ன நெறம்னு கூடக் கேட்டா. சொல்லிக்கிட்டே இருந்தேன். விடிஞ்சு போச்சு."

"நல்லதுதானே."

"நல்லதுதான்." தண்டவாளத்தைப் பார்த்தான். "அவளுக்குத் தெரியும்னு ஆனதுக்கு அப்புறம், இப்ப அந்தக் கல்லு இன்னும் பெரிசாத் தெரியுதுடா. முன்னாடி நான் மட்டும் சொமந்தேன். இப்ப அவளும் அவ அப்பன் ஆத்தாளுக்கு முன்னாடி வாயைத் தொறக்காம இருக்கணும். அய்யாவ நான் என்ன செய்ய? அந்தக் கல்லைப் புடுங்குனா அவரு விழுந்துருவாரு."

நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். பத்து வருஷம் போனால் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள், பாசி மூடிவிடும் என்றேன். அவன் சிரித்தான். இந்த ஊரில் பாசி பிடிக்க மழை எங்கே இருக்கிறது என்றான். வண்டி வந்தது.

ஆனி மாதம் அவன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போனான். ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிற வேலை. போகிற வழியில் திருச்சியில் என்னைப் பார்த்தான். அவளை ஏன் கூட்டிப் போகவில்லை என்றேன். அய்யாவைத் தனியே விட முடியாது, அவளே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள் என்றான்.

இந்த வருஷம் தை மாதம் மானாமதுரைக்கு ஒரு வேலையாகப் போனேன். வழியில் காரைக்குடியில் இறங்கி அந்த ஊருக்கும் போனேன். இதுதான் இரண்டாவது பயணம். போன முறை வந்த வண்டிக்காரர் கிடைக்கவில்லை. வேறொருவர் கிடைத்தார். அவரும் கதை சொன்னார். ஓட்டக்காரவுகளை வெள்ளைக்காரன் மலேயாவுக்குக் கூப்பிட்டிருக்கிறானாம், அங்கே பட்டாளத்துக்கு ஓடக் கற்றுக்கொடுக்க. நான் இந்த முறையும் திருத்தவில்லை.

பெரியவர் தளர்ந்திருந்தார். ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணும் மங்கிவிட்டது. என் குரலைக் கேட்டதும் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மகன் எப்போது வருவான் என்று என்னிடம் கேட்டார், எனக்குத் தெரிந்திருக்கும் என்கிற மாதிரி. மழை பெய்திருந்தது இந்த முறை. வயலில் நெல் நின்றது. அறுக்கத்தான் வீட்டு ஆள் இல்லை.

இனி, போகிறவர்களுக்கு. தை, மாசியில் போங்கள். சித்திரையில் போகாதீர்கள், செம்மண் சூடு காலைச் சுடும். திருச்சியிலிருந்து காலை வண்டிதான் நல்லது. மானாமதுரைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நாட்டரசன்கோட்டையிலும் ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கி அம்மன் கோவிலைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். காரைக்குடியில் மாளிகைகளை வெளியிலிருந்து பார்க்கலாம். பூட்டிய வீட்டின் காவல்காரர்களிடம் மரியாதையாகக் கேட்டால் சில சமயம் உள்ளேயும் விடுவார்கள். கோவிலூர் வரைக்கும் வண்டிக்கு நாலணா கேட்பார்கள், மூன்றணாவுக்கு வருவார்கள். குடிதண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயம் பார்க்க வெளிதேசம் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விழா நடத்துகிற ஊர் ஜெயித்தவர்களுக்குத்தான் தெருவை அலங்கரிக்கும். ஒவ்வொரு பந்தயத்திலும் ஜெயிப்பது ஒருவன். மற்றவர்கள் எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கேயோ ஒரு ஊருக்குத் திரும்பத்தான் வேண்டும். திரும்பி வந்தவனிடம் எத்தனாவது என்று முதலில் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். தானாகச் சொல்லுவான். சொன்னால் முழுக்கச் சொல்ல விடுங்கள்.

கோவிலூருக்கு மேற்கே போனால் அந்த ஊருணியைக் காட்டுவார்கள், கல்லையும் காட்டுவார்கள். படியுங்கள். அதில் வெட்டியிருக்கிற மூன்றாம் இடம் யாரோ ஒரு தேசத்துப் பையனுடையது. அவன் பெயர் எனக்கும் மறந்துவிட்டது. யாரிடமும் வாதாடாதீர்கள்.

நான் கிளம்பின காலையில் கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். கல் கிழக்குக் கரையில், நல்ல படித்துறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்தப் படியில்தான் இறங்குகிறார்கள். குடத்தை இறக்கி வைக்கக் கல்லின் தலை வசதியாக இருக்கிறது. கண்ணாத்தாளும் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கிழக்குப் படியில் இறங்கவில்லை. கரையைச் சுற்றி நடந்து, படியே இல்லாத மேற்குச் சரிவில், மண்ணில் காலை ஊன்றி ஊன்றி இறங்கித் தண்ணீர் மொண்டாள். நிறைந்த குடத்தோடு அந்தச் சரிவிலேயே ஏறினாள். தினமும் அப்படித்தானாம். ஏன் என்று ஊரில் இதுவரை யாரும் கேட்கவில்லை.